ஒரு செட் ஆள், மூன்று சைட்: புது கான்ட்ராக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். கையில் மூன்று வீட்டு வேலை. மூன்றும் சுவர் மட்டத்தில் நிற்கிறது, ஒன்றுகூட ரூஃபுக்கு வரவில்லை. "எல்லா ஓனரும் போன் பண்றாங்கண்ணே, அதான் ஆளைப் பிரிச்சு விட்டேன்" என்றார். என் முதல் வருடம் அப்படியே கண்முன் வந்தது.

கலவை, கம்பி அளவு பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் இஞ்சினியரும் மேஸ்திரியும் பார்த்துக்கொள்வார்கள்.

ஆளைப் பிரித்து எல்லா சைட்டுக்கும் அனுப்புவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிற தவறு இது. ஒரு வீட்டுச் சுவரை முடிக்க முழு செட்டுக்கு, அதாவது கையில் இருக்கும் ஆட்கள் எல்லோரும் சேர்ந்தால், 12 நாள் ஆகும் என்று வைப்போம். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் முதல் வீடு 12ஆம் நாள் முடியும், அடுத்தது 24, மூன்றாவது 36. ஆளை மூன்றாகப் பிரித்தால் மூன்று வீடும் 36ஆம் நாள்தான் முடியும். யாருக்கும் ஒரு நாள்கூட முன்னதாக முடியாது. முதல் இரண்டு ஓனருக்கும் தாமதம்தான் மிச்சம்.

அதோடு போகவில்லை. சுவர் முடிந்தால்தான் ஓனர் அடுத்த தவணை தருவார். 36 நாளும் தவணை வராது, சனிக்கிழமை சம்பளம் மட்டும் நிற்காது. என் முதல் வருடத்தில் நான் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் மூன்று வீட்டுக்கும் ஒரே வாரத்தில் சென்ட்ரிங், அதாவது ரூஃப் கான்கிரீட்டைத் தாங்கும் ஷீட்டும் முட்டும், தேவைப்பட்டது. இருந்த ஷீட் ஒரு வீட்டுக்குத்தான் போதும். மீதிக்கு வாடகை எடுத்தேன். ஷீட் அடித்து முடித்த வீட்டில் கம்பி கட்ட ஆள் இல்லை, அவர்கள் வேறு சைட்டில் இருந்தார்கள். வேலை நடக்காத நாளுக்கும் வாடகை ஓடியது. ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டில் வர வேண்டிய லாபம் முழுவதும் அதில் போனது.

ஆளை மாற்றுவது தவறில்லை, பாதி வேலையில் மாற்றுவதுதான் தவறு. ரூஃப் போட்டபின் வேலையே உங்களுக்கு இடைவெளி தருகிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ன்படி, சாதாரண சிமென்ட்டில், தாங்கும் சுவர்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை அகலமுள்ள ரூஃபுக்கு முட்டு குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும், அதைத் தாண்டினால் 14 நாள். 6 மீட்டர் வரை பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21. பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் இஞ்சினியரைக் கேட்டு நாளைக் கூட்டுங்கள். அந்த நாட்களில் முழு செட்டும் அடுத்த வீட்டுச் சுவருக்குப் போகட்டும். அங்கே சுவர் முடியும்போது இங்கே ஷீட் கழற்றும் நாளும் நெருங்கியிருக்கும்.

ஓனரிடம் தேதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் திட்டுவார், பிறகு அந்தத் தேதியைத்தான் கேட்பார்.

தாமதமான பூச்சில் ஆளைக் குவிப்பது

ஒரு அறையில் ஆறு கொத்தனாருக்குச் சாரம் போட இடம் கிடையாது.

பொங்கல், தீபாவளி

ஆள் வராது. அந்த வாரங்களை வேலை நாள் கணக்கில் எழுதவே எழுதாதீர்கள்.

தண்ணீர் விடும் ஆள்

முழு செட்டும் கிளம்பியபின், ரூஃப் மேல் தண்ணீர் தேக்கக் கட்டிய பாத்தி காய்ந்து கிடக்கும். சாதாரண சிமென்ட்டுக்கு குறைந்தது 7 நாள், பி.பி.சி.க்கு 10 நாள் ஈரம் வேண்டும். வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், இன்னார்தான் என்று ஒருவரை வைத்துக் கூலியையும் கணக்கில் எழுதுங்கள்.