போர்டில் தெரியும் படத்துக்கு யாரும் லைசென்ஸ் வாங்குவதில்லை

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். "அண்ணே, அனுப்புறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துருங்க." பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் மொட்டை மாடியில் நிற்கும் ஒரு விளம்பரப் பலகையைப் பற்றிய மனு. படித்துக்கொண்டே வந்தவன் மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய அதே வரி, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்.

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டு, கையெழுத்துப் போடு, ஒரு நகல் வைத்துக்கொள் என்பதையெல்லாம் நூறு பேர் சொல்லிவிட்டார்கள். அதற்குள் நான் போகவில்லை.

படத்தைப் பார்த்து மனு எழுதுவது

அன்றைக்கு எனக்கு எரிச்சல் மூட்டியது ரவுண்டானா பக்கம் ஒரு மாடி மேல் நின்ற ஹோர்டிங். காற்றடித்தால் முனகும். அதில் ஒரு நகைக்கடை விளம்பரம். நான் என்ன எழுதினேன்? "மேற்படி நகைக்கடைக்கு விளம்பரப் பலகை வைக்க வழங்கப்பட்ட அனுமதியின் நகல் வேண்டும்."

28-ஆம் நாள் பதில் வந்தது: மேற்படி நிறுவனத்துக்கு அனுமதி ஏதும் வழங்கப்படவில்லை.

துள்ளிக் குதித்தேன். வாட்ஸப்பில் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில், இதோ அதிகாரியே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று புகார் மனுவோடு இணைத்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போனால், விளம்பர ஏஜென்சிக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் கவருக்குள் உரிம ஆணையை வைத்துக்கொண்டு எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறார். உரிமம் அவர் பெயரில். நகைக்கடை அவரிடம் மூன்று மாதத்துக்கு இடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். "சார், அடுத்த மாசம் இதுல பனியன் விளம்பரம் வரும். அதுக்கப்புறம் ஸ்கூல் விளம்பரம் வரும். ஒவ்வொருத்தருக்கும் லைசென்ஸ் வாங்கவா முடியும்?" என்றார். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் தேவலை.

எனக்கு வந்த பதிலில் ஒரு பொய்யும் கிடையாது. கேட்டதற்குச் சரியான பதில். தப்பு முழுக்க என் பக்கம். இன்றைக்கும் நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது. வெட்கத்தில் சட்டென்று எழுந்து வந்துவிட்டதால், அந்த ஆணையில் என்ன அளவு போட்டிருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும் என்றுகூட நான் பார்க்கவில்லை. மறுபடி மனு போட்டு, கோப்பைப் பார்க்க எட்டு மாதம் ஆனது. கோப்பில் ஒட்டியிருந்த போட்டோவில் விளம்பரமே இல்லை. வெறும் இரும்புச் சட்டம், பின்னால் வானம். அதற்குத்தான் உரிமம்.

ஆகவே அந்த இரும்புச் சட்டத்தைத் தேடுங்கள். தெருப் பெயர், கட்டடத்தின் கதவு எண், முடிந்தால் டவுன் சர்வே எண், தரையில் நிற்கிறதா மாடியில் நிற்கிறதா, எந்தத் திசையைப் பார்க்கிறது, கண்ணளவில் எத்தனை அடிக்கு எத்தனை அடி. செல்போன் மேப்பில் அழுத்திப் பிடித்தால் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் எழுதுங்கள். எதிரே இருக்கும் டீக்கடையை மட்டும் அடையாளம் சொல்லாதீர்கள், பதில் வருவதற்குள் டீக்கடை மொபைல் கடையாகியிருக்கும். பிறகு, "இந்த இடத்தில் உள்ள அமைப்புக்கு, யார் பெயரில் இருந்தாலும்" என்று ஒரு வார்த்தை. அதைத் தொடர்ந்து விண்ணப்பம், உரிம ஆணை, புதுப்பித்த ஆணைகள், கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம், போக்குவரத்துப் போலீஸின் தடையில்லாச் சான்று, இரும்புச் சட்டத்தின் உறுதிக்குப் பொறியாளர் தந்த சான்று, கட்டணம் கட்டிய ரசீது, கோப்பின் குறிப்புப் பக்கங்கள் என்று தனித்தனியாக எண் போட்டுக் கேளுங்கள். இப்படிக் கேட்ட பிறகு "ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால் அதற்கு மதிப்பு உண்டு. என்னுடைய "இல்லை"க்கு இருக்கவில்லை.

'ஏன்' என்று கேட்பது

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்பது தகவல் அல்ல, சண்டை. கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் தர முடியும், இல்லாததை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரிய வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "நான் கொடுத்த புகார் மீது இன்று வரை எழுதப்பட்ட குறிப்புகளின் நகல்" என்று கேளுங்கள். 'ஏன்' என்பது அதற்குள்ளேயே இருக்கும்.

ஊர் முழுவதையும் கேட்பது

"மாநகராட்சி எல்லையில் உள்ள எல்லாப் பலகைகளின் விவரம்" என்று கேட்டால், அலுவலக வேலை பாதிக்கும் என்று ஆர்டிஐ சட்டத்தின் 7(9) பிரிவைக் காட்டிக் கையை விரிப்பார்கள். உண்மையில் அந்தப் பிரிவு வேறு வடிவத்தில் கொடுக்கத்தான் வழி விடுகிறது, மறுக்க இல்லை. ஆனாலும் அதைச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட, 2(ஜே) பிரிவில் கோப்புகளை நேரில் பார்வையிட அனுமதி கேட்பது சுலபம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. நோட்டும் பேனாவும் கொண்டு போங்கள், தேவையான பக்கத்துக்கு மட்டும் 2 ரூபாய் கட்டி நகல் வாங்குங்கள். இன்னொன்று: அனுமதி பெற்றவர்களின் விவரத்தை யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்கிறது 4(1)(பி)(xiii). மனுவில் அதை ஒரு வரி எழுதினால், "இது வியாபார ரகசியம்" என்ற பதில் கொஞ்சம் தயங்கும்.

எந்த அலுவலகம் என்று அலைவது

அலையாதீர்கள். சென்னையில் ஒரு காலத்தில் கலெக்டரிடம் இருந்த ஹோர்டிங் அதிகாரம் பிறகு மாநகராட்சி ஆணையரிடம் வந்தது. ரயில்வே நிலத்தில் நிற்பதற்கு வேறு கதை. தப்பான இடத்துக்குப் போனாலும் 6(3)-ன்படி 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

பேனரையும் ஹோர்டிங்கையும் ஒன்றாக நினைப்பது

பேனருக்கு அனுமதி சில நாட்களுக்குத்தான். பதிலுக்குச் சட்டம் தரும் காலம் 30 நாள். பதில் வரும்போது கல்யாணம் முடிந்து பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்திருப்பார்கள். ஆகவே முதலில் தேதியோடு போட்டோ. அனுமதி எண், எத்தனை நாளுக்கு என்ற விவரமெல்லாம் பேனரின் அடியில் இருக்க வேண்டும். அந்த அடிப்பகுதி, அது காலியாக இருந்தாலும், போட்டோவில் விழட்டும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் இறந்த பிறகு கொஞ்ச நாள் எல்லோரும் அடிப்பகுதியைப் பார்த்தார்கள்.

48 மணி நேரப் பிரிவைப் போடுவது

48 மணி நேரத்தில் பதில் கேட்கும் பிரிவு உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதற்கு மட்டும். போர்டு அசிங்கமாக இருக்கிறது என்பதற்கு இல்லை.

போனில் வரும் பதில்

"நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்பார்கள். தாராளமாகப் போங்கள், டீ நன்றாக இருக்கும். ஆனால் நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பதில் வந்த நாளிலிருந்தோ, பதில் வராமல் கெடு முடிந்த நாளிலிருந்தோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

பையனிடம் இதையெல்லாம் சொல்லி, மனுவைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் வந்தான். கதவு எண் கிடைத்துவிட்டதாம், தெற்குப் பார்த்த பலகையாம், சுமார் நாற்பதுக்கு இருபது இருக்குமாம். "அண்ணே, அதுல படத்த மாத்திட்டாங்க. இப்ப பிரியாணிக் கடை."