நீச்சல் குளத்துக்குப் புது பம்பு, ஃபில்டர் மாற்றுவது எப்படி?

பம்பைத் தேர்ந்தெடுக்கும் முன் ஃபில்டரைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்றால் சுமார் 45,000 லிட்டர் தண்ணீர். 6 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வடிகட்ட, மணிக்கு 7.5 கன மீட்டர் ஓடினால் போதும். கடையில் “2 ஹெச்பி போட்டுடுங்க சார், பிரச்சினையே வராது” என்பார்கள். வரும். வேகம் கூடினால் அழுக்கு ஃபில்டர் மணலில் தங்காமல் அதன் வழியாகவே குளத்துக்குத் திரும்பிவிடும்.

இந்த அளவுக் குளத்துக்கு 600 மி.மீ. விட்டமுள்ள சேண்ட் ஃபில்டர் சரி. ஆனால் பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலைக் கழுவுவது) செய்யும்போது மணல் படுகை நன்றாகக் கிளம்ப மணிக்கு சுமார் 11 கன மீட்டர் வேண்டும். வடிகட்ட மெதுவாக, கழுவ வேகமாக! அதனால்தான் வேகத்தை மாற்றக்கூடிய வேரியபிள் ஸ்பீடு பம்பு என் சிபாரிசு. வேகத்தைப் பாதியாக்கினால் மணிக்கு ஆகும் மின்செலவு ஏட்டுக் கணக்கில் எட்டில் ஒன்றாகும். நடைமுறையில் சற்றுக் கூடும். ஹெச்பியைப் பார்க்காதீர்கள், 10 மீட்டர் ஹெட்டில் (பம்பு சமாளிக்க வேண்டிய எதிர்ப்பழுத்தம்) எவ்வளவு தண்ணீர் தரும் என்று பம்பின் கர்வைப் (ஹெட்டுக்கேற்ப ஓட்டத்தைக் காட்டும் வரைபடம்) பாருங்கள்.

பம்பின் எம்சிபி சுவிட்சை அணைத்து, எல்லா வால்வுகளையும் மூடிவிட்டுப் பைப்பை அறுங்கள். பம்பு அறை குளத்து நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மூடாத ஒரு வால்வு போதும், அறையே மூழ்கிவிடும். பம்பின் இரு பக்கமும் யூனியனும் (கழற்றி மாட்டும் இணைப்பு) பால் வால்வும் வையுங்கள். மின் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) எர்த்தும் கட்டாயம்.

வேலை நின்றுபோவது பெரும்பாலும் பைப் அளவில்தான். 2 அங்குல பைப்பின் வெளிவிட்டம் 60.3 மி.மீ.; மெட்ரிக் பைப் 63 மி.மீ. இரண்டும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொல்வார். 63-க்கான யூனியனில் 60.3 பைப் தொளதொளவென்று நிற்கும். சால்வென்ட் சிமென்ட்டை அள்ளிப் பூசி அந்த இடைவெளியை அடைக்கப் பார்க்காதீர்கள். டெலிவரி பக்கம் (பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கம்) என்றால் தண்ணீர் சொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். சக்‌ஷன் பக்கம் (பம்புக்குள் தண்ணீர் வரும் பக்கம்) சொட்டாது, காற்றை இழுக்கும். பம்பு பிரைம் ஆகாது (தண்ணீர் நிரம்பி இழுக்கத் தொடங்காது), அல்லது குளத்தில் ஓயாமல் குமிழி வரும். பைப்பின் வெளிவிட்டத்தை காலிப்பரில் அளந்த பிறகே ஃபிட்டிங்ஸ் வாங்குங்கள்.

காற்று எங்கே நுழைகிறது என்று தெரியவில்லையா? பம்பு ஓடும்போது மூட்டுகளில் ஷேவிங் ஃபோம் தடவுங்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் உள்ளே இழுபடும். அதற்கும் முன் பம்பின் குப்பைக் கூடை மூடியில் உள்ள ஓ-ரிங்கைப் (ரப்பர் வளையம்) பாருங்கள். அதற்கு சிலிக்கான் கிரீஸ்தான், வாஸ்லின் ரப்பரைக் கெடுத்துவிடும்.

மணல் கொட்டும் முன் ஃபில்டரில் பாதி தண்ணீர் நிரப்புங்கள். இல்லாவிட்டால் அடியில் உள்ள லேட்டரல்கள் (வடிந்த தண்ணீரை எடுக்கும் கிளைக்குழாய்கள்) விழும் எடையில் உடையும். நடுக்குழாயின் வாயை டேப் போட்டு மூடி, நேராகப் பிடித்துக்கொண்டு மணலைக் கொட்டுங்கள். 0.5 முதல் 1 மி.மீ. வரையிலான சிலிக்கா மணல். எத்தனை கிலோ என்பது டேங்க் பிளேட்டில் இருக்கும். ஆற்று மணல் வேண்டவே வேண்டாம். முடிந்ததும் டேப்பை எடுக்க மறக்காதீர்கள்.

முதல் ஓட்டம் பேக்வாஷில், ஃபில்டர் வால்வில் உள்ள சிறு கண்ணாடியில் தண்ணீர் தெளியும் வரை. பிறகு ஒரு நிமிடம் ரின்ஸ் (மணலை அலசிய தண்ணீர் வெளியே போகும்), அதற்குப் பின்தான் ஃபில்டர். ஒவ்வொரு முறையும் பம்பை நிறுத்திவிட்டே மல்டிபோர்ட் (இந்த நிலைகளை மாற்றும் வால்வு) கைப்பிடியைத் திருப்புங்கள். ஓடும்போது திருப்பினால் உள்ளே கேஸ்கட் பிய்ந்துவிடும். அன்றைய பிரஷர் கேஜ் அளவை டேங்க் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள். அதே வேகத்தில் ஓட்டும்போது 0.5 பார் கூடினால் அடுத்த பேக்வாஷ்.

பின்சேர்க்கை: குளத்தின் தரையில் மணல் வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முதல் நாள் கொஞ்சம் வந்தால் ரின்ஸ் போதவில்லை. தொடர்ந்து வந்தால் லேட்டரல் உடைந்திருக்கும், அல்லது நடுக்குழாய்க்குள் மணல் விழுந்திருக்கும். மணலை வெளியே அள்ளித்தான் பார்க்க வேண்டும்.