ஹைலக்ஸ் வாங்கப் போறீங்களா? வண்டியோடு வருவதை அப்படியே நம்பாதீங்க

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கையில் நாலு காசு சேர்ந்தால் முதலில் வாங்குவது டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்தான். செம்பனை வெட்டக் குத்தகை எடுத்தவர், மாடு வளர்ப்பவர், கோயில் தலைவர், எல்லாருக்கும் அது வேண்டும். துரையின் லேண்ட்ரோவர் சத்தம் கேட்டாலே தோட்டத்தில் ஆட்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து நிற்பார்களாம், அப்பா சொல்வார். இப்போது அந்த மரியாதை டீசல் ஹைலக்ஸுக்கு. மழையில் வழுக்கும் செம்மண் ரோட்டிலும் ஏறும், பத்து வருஷம் ஓட்டி விற்றாலும் விலை போகும், சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும். இதே காரணங்களுக்காகத்தான் திருடனும் அதைத் தேடுகிறான். முழு வண்டியாகவும் விற்கலாம், பிரித்துச் சாமானாகவும் விற்கலாம். தாய்லாந்து எல்லையும் தூரமில்லை, கிரிக் வழியாக எல்லைப்பக்கப் பெங்காலான் ஹூலு போகச் சில மணி நேரம்தான்.

நான் ஓட்டுவது ஒரு பழைய விகோ, ஹைலக்ஸின் முந்தைய மாடல். ஒரு தடவை கைவிட்டுப் போகப் பார்த்தது. அந்தக் கதை அப்புறம். முதலில் வாங்கும்போது செய்கிற தவறுகள்.

இருப்பதிலேயே பெரிய தவறு 'சம்பூங் பாயார்'. ஒருவர் பேங்க் கடனில் எடுத்த வண்டியை மாதத் தவணை கட்ட முடியாமல் இன்னொருவர் கையில் கொடுப்பார், இவர் முன்பணமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு மீதித் தவணையைக் கட்டிக்கொண்டே ஓட்டுவார். பேப்பரில் பெயர் மாறாது. பேங்குக்குத் தெரியாமல் இப்படிக் கைமாற்றுவது 1967-ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டப்படி குற்றம், ஆனால் நம்மாட்கள் பயப்படுவது சட்டத்துக்கு இல்லை, முன்பணத்துக்குத்தான், அதனால் அதையே சொல்கிறேன். பெயர் அவருடையது, இரண்டாவது சாவியும் பல சமயம் அவரிடமே இருக்கும். ஒரு நாள் ராத்திரி அவரே வந்து எடுத்துக்கொண்டு போனால் நீங்கள் போலீஸ் நிலையத்தில் என்ன சொல்லிப் புகார் கொடுப்பீர்கள்? வண்டி உங்களுடையது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. நடுவில் ஒரு தரகர் தவணையை வாங்கி பேங்கில் கட்டாமலே விட்டு, பேங்க் ஆள் வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போவதும் நடக்கிறது.

இரண்டாவது, கிரான் பேப்பரை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு வண்டியைப் பார்க்காமல் விடுவது. பேப்பர் உண்மையாகவே இருக்கலாம், வண்டிதான் வேறாக இருக்கும். விபத்தில் நசுங்கிப்போன ஒரு ஹைலக்ஸின் கிரானையும் அடிச்சட்ட நம்பரையும் (சேஸி எண்) எடுத்து, திருடி வந்த அதே நிறத்து வண்டியில் ஏற்றுவார்கள். 'குளோன்' என்று சொல்வது இதைத்தான். அதனால் வண்டி பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் லைட், மண்ணெண்ணெயில் நனைத்த துணி, ஒரு பழைய சட்டை கொண்டு போங்கள். சட்டை எதற்கு என்றால் தரையில் படுக்க. ஹைலக்ஸில் சேஸி எண்ணை முன்பக்கம் வலது டயருக்கு உள்ளே, இரும்புச் சட்டத்தில் அடித்திருப்பார்கள். சேற்றைத் துணியால் துடைத்துவிட்டு லைட்டை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். ஒரு எழுத்து மட்டும் மேலே ஏறி நின்றாலோ, சுற்றிலும் கிரைண்டர் போட்ட கீறல் இருந்தாலோ, அடிப்பாகம் முழுக்கத் துருவாக இருக்க அந்த ஒரு சாண் இடம் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட்டில் மின்னினாலோ, "யோசித்துச் சொல்கிறேன் அண்ணே" என்று எழுந்து வந்துவிடுங்கள். விற்பவர் முகம் கோணும், கோணட்டும்.

பெயர் மாற்றப் புஸ்பகோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்தில் எப்படியும் பி5 என்ற சோதனை செய்ய வேண்டும், அதில் சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் பார்ப்பார்கள். நம்மாட்கள் பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியைச் சோதனைக்கு ஓட்டிப் போகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள், முதலில் சோதனை, பிறகு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா), பெயர் மாறும் அன்றைக்குப் பணம். நேர்மையாக விற்கிறவர் இதற்கு மாட்டேன் என்று சொல்லமாட்டார்.

சாவி விஷயம். நான் விகோவை வாங்கியபோது ஒரு சாவிதான் கொடுத்தார்கள், "இன்னொன்று எங்கேயோ தொலைந்துவிட்டது தம்பி" என்றார் விற்றவர். சரி என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். தொலைந்த சாவி எவன் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? சாவிக்காரரிடம் போய், வண்டியின் நினைவில் இருக்கும் பழைய சாவிகளை எல்லாம் அழித்துவிட்டு என் கையில் இருப்பதை மட்டும் பதிந்து தரச் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை, சோம்பல்.

ஆனால் என் வண்டிக்கு வந்தவன் சாவியோடு வரவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, ஐந்தரை மணிப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு, ஆட்களை ஏற்றப் போகலாம் என்று கதவைத் திறந்தால் கிளவ் பாக்ஸ் கழன்று கீழே தொங்குகிறது. டச் அண்ட் கோ கார்டு, கோயில் திருநீற்றுப் பொட்டலம், சில்லறை, எல்லாம் மிதியடியில் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு காசு குறையவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை, பொமேன், அதாவது மெக்கானிக், வந்து பார்த்துத்தான் சொன்னார். விகோவில் எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் பெட்டி, அதாவது இசியூ, அந்தக் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது. சாவியில் இருக்கும் சில்லை அடையாளம் கண்டுகொண்டால்தான் இம்மொபிலைசர் எஞ்சினை ஓட விடும், அது சரி. ஆனால் திருடன் அந்தப் பூட்டை உடைக்க மெனக்கெடுவதில்லை. தன் சில்லுக்குப் பழக்கிய வேறொரு இசியூவைக் கையோடு கொண்டு வந்து, இருப்பதைக் கழற்றி அதை மாட்டுவான். கை பழகியவனுக்குச் சில நிமிட வேலை. என் வண்டியில் பிளக் பாதி கழன்றிருந்தது. எதிர் வீட்டு அக்கா வாசலில் லைட்டைப் போட்டிருக்க வேண்டும், அல்லது நாய் குரைத்திருக்கும். அவன் பாதியில் விட்டுப்போன காரணம் இன்றுவரை தெரியாது.

மறுநாளே இசியூ லாக் போட்டேன். பெட்டியைச் சுற்றி ஒரு இரும்புக் கூடு, தனிச் சாவி, அவ்வளவுதான். கழற்ற முடியாதது என்று இல்லை, நேரம் பிடிக்கும், சத்தம் வரும். 'இம்மொபிலைசர் இருக்கே' என்று நிம்மதியாகத் தூங்குவது தவறு. அந்த மாடல் வண்டி ஆயிரக்கணக்கில் ஓடுகிறது, கம்பெனி வைத்ததை அவன் நம்மைவிட நன்றாகப் படித்து வைத்திருப்பான். நாம் தனியாகச் சேர்க்கும் ஒன்றுதான் அவனுக்குப் புதிது. கரண்டைத் துண்டித்து வண்டியை ஓடவிடாத மறைவான கட்-அவுட் சுவிட்ச் போடுவதும் அதற்காகத்தான். ஆனால் டேஷ்போர்டுக்கு அடியில், ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் என்று எல்லா பொமேனும் வைக்கும் அதே இடத்தில் வைக்காதீர்கள். வைத்த இடத்தை ஒட்டுக்கடையில் பெருமையாகச் சொல்லவும் வேண்டாம். ஒருவர் எங்கள் முன்னாலேயே சொன்னார், கை காட்டி!

புது வண்டியில் சாவியே போட வேண்டாம், பட்டனை அழுத்தினால் போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்குள் வாசல் பக்கம் மாட்டியிருக்கும் சாவியின் சிக்னலை ஒரு கருவியால் வண்டி வரைக்கும் நீட்டித் திறக்க முடியும், அதனால் சாவியைச் சிக்னல் தடுக்கும் பையிலோ, மூடி இறுகிய தகர டப்பாவிலோ போடுங்கள். போட்டபின் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்று பார்க்க வேண்டும், திறந்தால் அந்த டப்பா உதவாது. பை மட்டும் போதும் என்றும் இல்லை. 2022-இல் லண்டனில் இயன் டேபர் என்ற வாகனக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளரின் சொந்த டொயோட்டா ராவ்4 திருடு போனது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது, திருடர்கள் முன் விளக்கின் வயர் வழியாக வண்டியின் உள் வலைப்பின்னலில் புகுந்திருக்கிறார்கள். அதற்கான கருவி ஒரு புளூடூத் ஸ்பீக்கருக்குள் ஒளித்து விற்கப்படுகிறதாம். சாவி பக்கத்திலேயே இருக்கத் தேவையில்லை. அந்த மாதிரி இடத்தில் பழைய மஞ்சள் ஸ்டியரிங் லாக் செய்யும் வேலையை எந்தப் பையும் செய்யாது. கண்ணுக்குத் தெரியும் இரும்பு, அதைக் கிண்டல் செய்யாதீர்கள்.

ஜிபிஎஸ் டிராக்கர் போடுகிறவர்கள் அதில் சிம் கார்டு இருக்கிறது என்பதையே மறந்துவிடுகிறார்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு மாமாவின் வண்டி போன ராத்திரி போனைத் திறந்து பார்த்தால், கடைசியாகக் காட்டிய இடம் மூன்று மாதத்துக்கு முந்தைய தீபாவளி கடைவீதி. பிரீபெய்ட் சிம், டாப்-அப் முடிந்து செத்துப் போயிருந்தது. செம்பனைக் காட்டுக்குள் லைன் கிடைக்காத இடங்களும் உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள். மாதம் ஒரு தடவை நீங்களே திறந்து பாருங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு, நாசி லெமாக் வாங்க எஞ்சினை ஓடவிட்டு இறங்குகிறோம். ஏர்கோன் நின்றுவிடுமாம்.

கடைசியாக இன்சூரன்ஸ். ஏஜெண்ட் வாட்சப்பில் அனுப்பியதில் குறைந்த தொகையைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் திருட்டுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) வராது. முழு இன்சூரன்ஸே எடுத்தாலும், 80 ஆயிரம் வெள்ளி பெறும் வண்டிக்கு 60 ஆயிரம் என்று எழுதினால் 60-க்கு மேல் கிடைக்காது, 100 என்று எழுதினால் சந்தை விலைதான் கிடைக்கும். ஒப்புக்கொண்ட மதிப்பு என்று ஒரு வகை உண்டு, அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். சொந்த உபயோகம் என்று எழுதிவிட்டுக் கூலிக்குச் செம்பனைப் பழக்குலை ஏற்றுவது, வண்டியை உயர்த்திக் கட்டியதையும் இழுவைக்கு வின்ச் போட்டதையும் சொல்லாமல் விடுவது, சாவியை வண்டியிலேயே விட்டது, இவை எல்லாம் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்குக் காரணமாகும். விசாரணை மாதக்கணக்கில் இழுக்கலாம், அதுவரை பேங்க் தவணை நிற்காது. கிரானின் நகலை வீட்டில் வையுங்கள், வண்டிக்குள் வேண்டாம். அந்தச் சேஸி எண்ணையும் ஒரு படம் பிடித்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். புகார் எழுதும்போது முதலில் கேட்பதில் அதுவும் ஒன்று, அந்த நேரத்தில் பிளேட் எண்ணே சிலருக்கு மறந்துவிடுகிறது.