அல்மனாக்கில் விண்மீனின் இடத்தை எடுப்பது எப்படி, அதை எவ்வளவு நம்பலாம்?

நாட்டிகல் அல்மனாக், அதாவது கடலோடிகளுக்கான வானியல் ஆண்டேட்டின் தினசரிப் பக்கங்களில் 57 விண்மீன்களின் இடம் 0.1 கலை (1 கலை என்பது பாகையில் 60-ல் ஒரு பங்கு) வரை அச்சாகியிருக்கும். கணக்கில் 1 கலை பிசகினால் நிலைக்கோடு (கப்பல் எங்கோ அதன்மேல் இருக்கிறது என்று வரைபடத்தில் போடும் கோடு) அதிகபட்சம் 1 கடல் மைல், அதாவது 1852 மீட்டர் விலகும். ஆடும் தளத்தில் கோணம் அளக்கும் செக்ஸ்டன்டில் 1 கலைக்குள் விண்மீனின் உயரம் (அடிவானத்துக்கு மேல் உள்ள கோணம்) எடுப்பதே பெரிய விஷயம். எனவே பிழை வந்தால் முதலில் அச்சிட்ட எண்ணைச் சந்தேகிக்காதீர்கள். எடுத்த விதத்தைப் பாருங்கள்.

படி 1: நேரம். பார்த்த கணத்தை உலக நேரத்தில் வினாடி வரை குறியுங்கள். கடிகாரம் 4 வினாடி தவறினால் 1 கலை போச்சு. வானொலி நேரக்குறிக்கும் பூமியின் உண்மைச் சுழற்சிக்கும் உள்ள வித்தியாசம் 0.9 வினாடிக்குள் இருப்பதால், அதனால் வரும் பிழை 0.2 கலையைச் சுற்றித்தான்.

படி 2: ஏரீஸ். ஏரீஸ் என்பது விண்மீன்களின் இடத்தை அளக்கத் தொடங்கும் வானப் புள்ளி; ஜி.எச்.ஏ என்பது கிரீன்விச்சிலிருந்து மேற்காக அளக்கும் கோணம். அந்த மணிக்குரிய ஏரீஸின் ஜி.எச்.ஏ-வை எடுங்கள். விளக்கத்துக்காக 19 மணிக்கு 120°14.6' என்று வைத்துக்கொள்வோம். நேரம் 19:23:40 என்றால், மீதி 23 நிமிடம் 40 வினாடிக்குக் கூட்டல் அட்டவணையில் ஏரீஸ் பத்தியில் 5°56.0' இருக்கும். மொத்தம் 126°10.6'.

புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். பக்கத்துப் பத்தி சூரியனுக்கும் கோள்களுக்கும் உரியது, அதில் 5°55.0' என்றிருக்கும். 1 கலை காணாமல் போகும். நிமிடம் 59-ஐ நெருங்கினால் இழப்பு 2.4 கலையைத் தாண்டும்.

படி 3: எஸ்.எச்.ஏ, அதாவது ஏரீஸிலிருந்து விண்மீன் வரை மேற்காக உள்ள கோணம். சிரியஸுக்கு 258°28.0' என்று வைத்தால், கூட்டி 384°38.6'. 360° கழித்தால் விண்மீனின் ஜி.எச்.ஏ 24°38.6'.

படி 4: விலக்கம், அதாவது வான நடுவரையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோணம். அதே வரியில் இருக்கும், அப்படியே எழுதுங்கள். மணிக்கான திருத்தம் கிடையாது. வடக்கா தெற்கா என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தினசரிப் பக்கம் மூன்று நாளுக்கு ஒரே எஸ்.எச்.ஏ-வையும் விலக்கத்தையும்தான் தருகிறது. மூன்று நாளுக்கு ஒரே எண் எப்படிப் போதும்? பூமியின் சுழலச்சு மெல்லத் திசை மாறும் அச்சு அசைவு ஆண்டுக்கு 50 விகலைதான் (60 விகலை 1 கலை). பூமி நகர்வதால் விண்மீன் சற்று இடம் மாறித் தெரியும் ஒளிப் பிறழ்ச்சி 20 விகலை அளவுக்கு இருந்தாலும் ஆண்டு முழுவதும் பரவி வருகிறது. அச்சு அசைவின் மேல் வரும் சிறு அலைவான அச்சு ஆட்டமும் மெதுவானதே. வேகமாக நகரும் ரிஜில் கென்டாரஸின் சொந்த நகர்வுகூட ஆண்டுக்கு 3.7 விகலைதான், 1 கலை சேர 16 ஆண்டு ஆகும்.

ஆனால் பழைய பதிப்பை அரைகுறையாகப் பயன்படுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். இந்த ஆண்டின் ஏரீஸோடு 4 ஆண்டு பழைய எஸ்.எச்.ஏ-வைச் சேர்த்தால், வான நடுவரைக்கு அருகிலுள்ள விண்மீனில் சுமார் 3 கலை பிழை. இரண்டையும் சரியாக 4 ஆண்டு பழைய பதிப்பிலேயே, அதே தேதிக்கும் நேரத்துக்கும் எடுத்தால், ஜி.எச்.ஏ சுமார் 1.2 கலைதான் கூடுதலாக வரும், அதைக் கழித்துவிடலாம். விலக்கத்தில் 1.3 கலை வரை மாற்றம் இருக்கலாம். துருவத்தை நெருங்கிய விண்மீன்களுக்கு இந்தக் குறுக்குவழி ஒத்துவராது.