கிறிஸ்துமஸ் தோரணமும் குடிலும்: பச்சை இலையில் நடக்கும் தவறுகள்

குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், கருங்கல், களியக்காவிளைப் பக்கம் டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும். தோரணத்தையும் குடிலையும் கடையில் வாங்காமல் சொந்த விளையில் (தோட்டத்தில்) இருப்பதை வைத்தே செய்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். தெர்மாகோலும் ஜிகினாவும் தராத அழகு அதில் உண்டு. ஆனால் ஆசையாகக் கட்டியது திருவிழாவுக்கு முன்பே கறுத்துச் சுருண்டுவிடுகிறது. பெரும்பாலும் கட்டிய கையில் குறை இருக்காது, பறித்த விதத்தில்தான் இருக்கும்.

முதலில் மாவிலை. செம்பு நிறத் தளிர் கண்ணைப் பறிக்கும் என்று அதைப் பறிப்பார்கள். தளிரின் தோல் மெல்லியது, அரை நாளில் துவண்டுவிடும். கரும்பச்சையாக, மடக்கினால் சடக்கென்று ஒடிகிற முற்றல் இலைதான் நாலைந்து நாள் நிற்கும். வெயில் ஏறுவதற்கு முன்பே பறித்து, காம்பு மூழ்கும்படி இரண்டு மூன்று மணி நேரம் வாளித் தண்ணீரில் வையுங்கள். அப்புறம் நிழலில் ஈரம் வடியவிட்டுக் கட்டுங்கள். டிசம்பரில் நம் பக்கம் மழை முழுசாக விட்டிருக்காது. ஈரத்தோடு நெருக்கிக் கட்டினால் நடுவில் இருக்கும் இலைகளில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

இலையை மட்டும் கிள்ளாமல் நுனிக்கொப்போடு ஒடிப்பதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்காது. மாமரம் பூப்பது கிளையின் நுனியில். டிசம்பர், ஜனவரியில் அங்கேதான் மொட்டு வரும். தோரணத்துக்காகப் பத்து நுனியை ஒடித்தால் பத்துப் பூங்கொத்து போயிற்று. உள்பக்கத்து இலைகளை ஒவ்வொன்றாகக் காம்போடு கிள்ளினால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. கிள்ளும்போது வரும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். மாவும் கொல்லாமரமும் (முந்திரி) ஒரே குடும்பம், கொல்லாம்பால் ஆகாதவர்கள் இதிலும் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்தது தென்னங்குருத்து. குருத்தோலையில் பின்னிய கிளியும் பூவும் இல்லாத பந்தலை நம் ஊரில் யாரும் பந்தல் என்றே சொல்லமாட்டார்கள். சரி, குருத்தை எந்த மரத்திலிருந்து எடுப்பது? காய்க்கிற மரத்தில் கை வைக்காதீர்கள். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அதில் வெட்டு விழுந்தால் மரமே போய்விடும். முனை தப்பினாலும் நஷ்டம் நஷ்டம்தான். தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலைதான் விடும். அந்த ஓலையின் கக்கத்தில்தான் பாளை வரும். அது போதாதென்று, வெட்டுக்காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். அதன் புழு உள்ளே குடைந்துவிட்டால் மரம் பிழைப்பது அபூர்வம். வீடு கட்டவோ சாலை போடவோ சாய்க்கும் மரங்கள் எப்போதும் எங்காவது இருக்கும். மரம் ஏறுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் குருத்து கிடைக்கும். வாங்கியதைப் பின்னும்வரை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

குலசேகரம், பேச்சிப்பாறை போன்ற மலையோரத்தில் ஈந்து ஓலையைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய ஈந்துப்பனை (சைக்கஸ், ஈச்சமரம் அல்ல) அழியும் நிலையில் உள்ள இனம். மிக மெதுவாக வளரும், ஓலையைக் கொத்தாக எப்போதாவதுதான் விடும். அதை விட்டுவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் போய் எதைப் பறித்தாலும் அது சட்டப்படி குற்றம். கதவில் தொங்கவிடும் இலை வளையம் கட்ட நெட்டிலிங்க இலையே போதும், பளபளப்பும் உண்டு, சீக்கிரம் வாடவும் செய்யாது.

அரளியை வளையத்திலும் குடிலிலும் சேர்க்க வேண்டாம். இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதத்தில் கோயில் பிரசாதத்தில் அரளிப்பூவை நிறுத்தியது இதனால்தான். குடிலைச் சுற்றித் தவழும் குழந்தைகள் எதையும் வாயில் வைப்பார்கள். எருக்கும் கள்ளியும்கூட வேண்டாம், பால் கண்ணில் பட்டால் பெரிய அவதி.

குடிலுக்குப் புல் வளர்ப்பதில் நாள் கணக்குத் தவறுகிறது. டிசம்பர் 1ஆம் தேதியே நெல்லை விதைத்துவிட்டு, 24ஆம் தேதி சாய்ந்து மஞ்சளித்த புல்லோடு நிற்பார்கள். நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, முளை கட்டி, 13ஆம் தேதி வாக்கில் தட்டில் பரப்பிய தென்னைநார்க்கழிவில் நெருக்கமாகத் தூவினால் சரியாக இருக்கும். புல் முளைத்த நாள் முதல் அந்தத் தட்டை வெளிச்சத்தில் வையுங்கள். இருட்டில் வைத்தால் வெளுத்து, நீண்டு, படுத்துவிடும்.

சவுக்குக் கிளையை கிறிஸ்துமஸ் மரமாக நிறுத்துகிறவர்கள் அடியைப் புதிதாகச் சீவி, ஈர மணல் நிரப்பிய வாளியில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெட்டிய கிளை காய்ந்தால் நொடியில் தீப்பிடிக்கும். அதன்மேல் பனி மாதிரி பஞ்சை ஒட்டி, சீரியல் பல்பையும் சுற்றி, பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றுவது மிகவும் ஆபத்து. படுக்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பொலபொலவென்று உதிரத் தொடங்கிய மரத்தில் விளக்கே வேண்டாம்.

கட்டுவதற்கு ஊறவைத்த வாழைநார் நல்லது. கம்பி துருப்பிடித்துச் சுவரில் கறை விடும், அதைவிடப் பெரிய கேடு பின்னால் வரும். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து அலங்காரத்தைக் கழற்றியதும் இலையை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுவது வழக்கம். கம்பித்துண்டு மாட்டின் வயிற்றில் போனால் உள்ளே குத்திக் கிழித்துவிடும். நூல், கம்பி, ஜிகினா எல்லாவற்றையும் பிரித்தெடுத்த பிறகு, பூஞ்சணம் பிடிக்காத இலையை மட்டும் போடுங்கள். மீதி உரக்குழிக்குப் போகட்டும்.