கழிமுக நீர்க் கண்காணிப்பு: கடிகாரத்தை நம்பினால் கணக்கு தப்பும்

கழிமுகத்தில் ஒரு பாலத்தூணுக்குப் பக்கத்தில் காலை எட்டு மணிக்கு மொண்ட நீர், மதியம் இரண்டு மணிக்கு அங்கே இருக்காது. காலையில் கடல் ஏறி வந்திருக்கும், மதியம் ஆற்றுநீர் இறங்கிக்கொண்டிருக்கும். இடம் ஒன்றுதான், நீர் வேறு. ஏரி, குளங்களை அளந்து பழகியவர்கள் கழிமுகத்துக்கு வந்ததும் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் தவறு, மாதிரி எடுக்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துத் தீர்மானிப்பது. "ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டு மணி" என்று அட்டவணை போட்டால் ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் வரும் இடங்களில் கடல்மட்டத்தின் இந்த ஏற்ற இறக்கம், அதாவது ஓதம், தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஏழு நாளில் அது ஏறத்தாழ ஆறு மணி நேரமாகிவிடும். இந்தத் திங்கள் எட்டு மணிக்கு ஏற்றம் என்றால், அடுத்த திங்கள் அதே எட்டு மணிக்கு வற்றம். வாரம் விட்டு வாரம் உப்பு கூடியும் குறைந்தும், கடல் உயிரிகள் வந்தும் மறைந்தும் வரைபடம் ரம்பப் பல் போல ஏறி இறங்கும். அதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். உண்மையில் அது அட்டவணை செய்த வேலை.

சரி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால்? அது இன்னும் ஏமாற்றும். 14 நாளில் ஓதம் ஏறத்தாழ பழைய நிலைக்கே திரும்பிவிடும். எண்கள் அழகாக ஒத்துப்போகும். ஆனால் நீங்கள் ஓதத்தின் ஒரே முகத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் தொடங்கியிருந்தால், இடையில் வரும் சிறிய ஓதம் கண்ணிலேயே படாது. ஓத அட்டவணையை முன்னால் வைத்துக்கொண்டு, "ஏற்றம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள்" என்பது போல ஓதநிலையைக் குறித்து நாள் தேர்வு செய்வதே சரியான வழி. வருடத்தில் சில தடவையாவது ஒரே இடத்தில் நின்று, 13 மணி நேரம் மணிக்கொரு மாதிரி எடுத்துப் பாருங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஒரே நாளுக்குள் எவ்வளவு மாறுகிறது என்று தெரியாமல், மாதத்துக்கு மாதம் வரும் மாற்றத்தைப் பற்றிப் பேச முடியாது.

அடுத்தது, மேல்நீரை மட்டும் வாளியில் மொண்டு வருவது. உப்புநீர் கனமானது. ஆற்றுநீர் மேலே வழிந்தோட, கடல்நீர் அதற்கடியில் ஆப்பு மாதிரி நுழைந்து உள்ளே வரும். மேலே நன்னீர், இரண்டு மீட்டர் கீழே கடல்நீர் என்பதெல்லாம் மழைக்காலத்தில் சாதாரணம். மேலே ஆக்சிஜன் நிறைந்திருக்கும்போதே, அடிநீரில் அது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி, மீன்கள் தங்க முடியாத நிலையாகியிருக்கலாம். அடிநீர் எடுக்க, குறிப்பிட்ட ஆழத்தில் மூடிக்கொள்ளும் மாதிரிக்குப்பி வேண்டும். குப்பி தரையில் இடித்துச் சேறு கலங்கிவிட்டால் அந்த மாதிரியைக் கொட்டிவிடுங்கள். தரைக்கு அரை மீட்டர் மேலேயே நிறுத்துவது நல்லது.

ஆக்சிஜன் மீட்டரில் ஒரு பொறி இருக்கிறது. 25 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். அதே வெப்பத்தில் கடல்நீரில் சுமார் 6.7தான் நிற்கும். மீட்டரின் உணரி அளப்பது ஆக்சிஜனின் அழுத்தத்தை. அதை மில்லிகிராமாக மாற்ற அதற்கு உப்பின் அளவு தெரிந்தாக வேண்டும். உப்பு அளவை பூஜ்ஜியத்திலேயே விட்டுவிட்டு கிலோவுக்கு 30 கிராம் உப்புள்ள நீரில் அளந்தால், திரையில் 6 என்று தெரியும். உண்மையில் அங்கே இருப்பது 5 அளவுக்குத்தான். செறிவுச் சதவீதத்தையும் (கரையக்கூடிய முழு அளவில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது) சேர்த்துக் குறித்து வைத்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். அப்புறம், எப்போதும் காலை பத்து மணிக்குமேல் போய் அளப்பவர்களுக்கு ஆக்சிஜன் குறை தெரியவே தெரியாது. இரவெல்லாம் எல்லா உயிர்களும் சுவாசித்துத் தீர்த்திருக்க, விடிவதற்குச் சற்று முன்னால்தான் அது அடிமட்டத்தில் இருக்கும்.

நீரோட்டத்தோடு மிதந்து திரியும் மிதவை உயிரிகள் விஷயத்தில் அதிகம் பார்க்கும் தவறு, வலையில் சிக்கியதே எல்லாம் என்று எண்ணுவது. 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கண்ணுள்ள வலையில் பெரிய டயட்டம்கள், அதாவது சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகள், தங்கும். 2 மைக்ரானுக்கும் சிறியவை நழுவிப் போய்விடும், பல நேரங்களில் எண்ணிக்கையில் அவைதான் அதிகம். என்னென்ன இனங்கள் இருக்கின்றன என்று பார்க்க வலை போதும். லிட்டருக்கு எத்தனை செல் என்று சொல்ல, வடிகட்டாத நீரைக் குப்பியில் எடுத்து, லுகால் என்னும் அயோடின் கரைசல் சேர்த்து, படியவிட்டு எண்ண வேண்டும். லுகால் சேர்த்த நீர் வெளுத்த டீ நிறத்தில் இருந்தால் போதும். நாளடைவில் நிறம் மங்கும், அப்போது இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும்.

விலங்கு மிதவைகளுக்கு 200 மைக்ரான் வலை வழக்கம். இங்கே கணக்கு தப்புவது வடிந்த நீரின் அளவில். 50 சென்டிமீட்டர் வாயுள்ள வலையை 50 மீட்டர் இழுத்தால் சுமார் 9.8 கன மீட்டர் நீர் வடியும் என்பது காகிதக் கணக்கு. சேறு கலங்கிய கழிமுகத்தில் வலைக்கண் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பாதி நீர் உள்ளே போகாமல் வாயைச் சுற்றி விலகிப்போகும். போதாததற்கு நீரும் ஓடிக்கொண்டிருக்கிறது: படகு 50 மீட்டர் நகர்ந்தது என்பதால் வலை 50 மீட்டர் நீருக்குள் சென்றதாக ஆகாது. வலைக்குள் போகும் நீரை அளக்கும் ஓட்டமானியை வலைவாயில் கட்டாமல் "கன மீட்டருக்கு இத்தனை" என்று எழுதப்பட்ட எண்ணை நான் நம்புவதில்லை. பல மிதவை விலங்குகள் பகலில் ஆழத்துக்கு இறங்கி இரவில் மேலே வருவதால், பகல் மாதிரியை இரவு மாதிரியோடு ஒப்பிடவும் கூடாது.

பதப்படுத்தும் ஃபார்மலினில் போராக்ஸ் சேர்க்க மறந்தால், அதிலுள்ள அமிலம் சிப்பிக் குஞ்சுகளின் ஓட்டைக் கரைத்துவிடும். சில மாதம் கழித்துத் திறந்து பார்ப்பவருக்கு அவை என்ன என்றே அடையாளம் தெரியாது. குப்பிக்குள்ளேயே பென்சிலால் எழுதிய சீட்டைப் போடுங்கள். மூடிமேல் எழுதினால் மூடி மாறும், மை அழியும்.

எண்ணும்போது, 20 செல் பார்த்துவிட்டுப் பெருக்கிப் போடுவது கிட்டத்தட்ட குருட்டு மதிப்பீடு. தோராயமாக 100 செல் எண்ணினால் பிழை 20 சதவீதத்துக்குள் நிற்கும், 400 எண்ணினால் 10 சதவீதம். இனப்பெயரிலும் அவசரம் வேண்டாம். சில டயட்டம்களை இனம் பிரிக்க எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவை. சாதாரண நுண்ணோக்கியில் பேரினம் வரை சொல்லி நிறுத்துவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

கடைசியாக, முடிவு எழுதும்போது நடப்பது. நைட்ரேட் பாதியாகிவிட்டது, ஆகவே மாசு குறைந்துவிட்டது என்று அறிக்கை வரும். நைட்ரேட்டை உப்புத்தன்மைக்கு எதிராக வரைந்து பாருங்கள். ஆற்றுநீரையும் கடல்நீரையும் இணைக்கும் நேர்கோட்டின்மேல் புள்ளிகள் விழுந்தால், நடந்தது வெறும் கலப்பு. அன்று கடல்நீர் அதிகம், அவ்வளவுதான். கோட்டுக்குக் கீழே விழுந்தால் யாரோ அதைத் தின்கிறார்கள், பெரும்பாலும் தாவர மிதவைகள் அல்லது சேற்றிலுள்ள பாக்டீரியா. மேலே நின்றால் நடுவில் எங்கோ நைட்ரேட் கூடுகிறது, கழிவு வந்து சேர்வதாக இருக்கலாம். ஒன்று மட்டும்: பெருமழை பெய்து ஆற்றுநீரே தினம் தினம் மாறிக்கொண்டிருக்கும் நாட்களில் கோட்டின் ஒரு முனையே நிலையாக இருக்காது. அந்த வாரத்துப் புள்ளிகளைத் தனியாக வைத்துப் பாருங்கள்.