ரிமோட் விமானம்: பயிற்சி விமானத்திலிருந்து போர் விமானம் வரை படிப்படியாக

ரிமோட் விமானம் ஓட்டுவதில் முன்னேற நான் நம்பும் வழி ஒன்றுதான். அடுத்து வாங்கும் விமானம் ஒரே ஒரு புதுச் சிரமத்தை மட்டும் கொண்டு வர வேண்டும். வேகம் கூடுகிறதா, மற்றதெல்லாம் பழையபடி இருக்கட்டும். சக்கர அமைப்பு மாறுகிறதா, வேகம் பழகியதாகவே இருக்கட்டும். மூன்று சிரமங்களைச் சேர்த்து வாங்கியவர்களுக்கு விமானம் விழுந்த பிறகு எதனால் விழுந்தது என்றே சொல்லத் தெரிவதில்லை. காரணம் தெரியாவிட்டால் அடுத்ததும் அப்படியேதான் விழும்.

முதலில் இடமும் நேரமும்

பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் இருக்கிறது. அக்கரையில் பட்டர்வொர்த் விமானப் படைத் தளம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் பாடாங் (திடல்) இருக்கிறதே என்று அங்கே போய்ப் பறக்கவிட முடியாது. மலேசியாவின் 2016ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்து விதிமுறைகளின்படி, அனுமதியில்லாமல் தரையிலிருந்து 400 அடிக்கு மேல் ஏற்றக்கூடாது. அதாவது ஏறக்குறைய 120 மீட்டர். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள போக்குவரத்து மண்டலத்துக்குள்ளும் அனுமதியில்லாமல் பறக்கவிடக்கூடாது. வேறு சில வான்பகுதிகளுக்கும் அனுமதி தேவை. அதனால் புதியவர்கள் தனியாக இடம் தேடாமல், முறைப்படி இடம் வைத்துப் பறக்கவிடும் குழுவோடு சேர்ந்துகொள்வதே நல்லது. அங்கே போனால் இடம் கிடைப்பதோடு, பக்கத்தில் நின்று சொல்லித்தர ஓர் அண்ணனும் கிடைப்பார்.

செபராங் பிறை பக்கம் நெல் அறுத்த வயல் கிடைத்தால் அருமை. விழுந்தாலும் அடி குறைவு, மரம் இல்லை, பார்வை தெளிவு. ஆனால் தண்ணீர் பாய்ச்சிய வயலுக்குப் போகாதீர்கள், ஒரு முறை முங்கினாலே உள்ளே இருக்கும் சர்வோவும் (இறக்கை, வால் பகுதிகளை அசைக்கும் சிறு மோட்டார்) ரிசீவரும் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருவி) போய்விடும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய இடமும் வேண்டாம். மட்டைகளுக்கு நடுவே விழுந்த வெள்ளை விமானத்தைக் கீழே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது.

நேரம் என்றால் காலைதான். விடிந்ததிலிருந்து ஏறக்குறைய 10 மணி வரை காற்று அடங்கியிருக்கும். நிலம் சூடானதும் கடற்காற்று கிளம்பிவிடும். பிற்பகலில் இடிமழை. செப்டம்பர், அக்டோபரில் மழை இன்னும் கூடும். தூரத்தில் இடி கேட்டாலே இறக்கிவிடுங்கள், வெட்டவெளியில் உயரமாக நிற்பது நீங்கள்தான்.

படி 1: சிமுலேட்டர்

விமானம் வாங்கும் முன் ரிமோட்டை வாங்குங்கள். அதைக் கணினியோடு இணைத்துச் சிமுலேட்டரில் பழகுங்கள். பிக்காசிம் இலவசம். ரியல்ஃபிளைட் காசுக்குக் கிடைப்பது, இன்னும் துல்லியமானது.

ரிமோட் வாங்கும்போதே ஒரு முடிவு எடுக்க வேண்டும். மோட் 2 என்றால் த்ராட்டில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக்) இடது கையில், மோட் 1 என்றால் வலது கையில். உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர் எதில் ஓட்டுகிறாரோ அதையே எடுங்கள். கை ஒன்றில் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது ரொம்பச் சிரமம்.

சிமுலேட்டரில் சாகசம் வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: விமானம் உங்களை நோக்கி வரும்போது இடது வலது மாறித் தெரியும். புதியவர்களின் விமானங்கள் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான் உடைகின்றன. எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால் விமானம் நிமிரும். மனத்தில் திருப்பிப் போட்டு யோசிக்க நேரம் இருக்காது, கை தானாகச் செய்ய வேண்டும். அப்புறம் எட்டு வடிவத்தில் சுற்றிப் பழகுங்கள். வெறும் வட்டம் போட்டால் ஒரு பக்கத் திருப்பம் மட்டுமே கைக்கு வரும்.

படி 2: முதல் விமானம்

இறக்கை உடம்புக்கு மேலே இருக்க வேண்டும். நுனிகள் லேசாக மேல்நோக்கி இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டிக்கை விட்டால் தானாக நிமிர்ந்துகொள்ளும். உடம்பு ஃபோமில், இறக்கையின் நீளம் 1.1 முதல் 1.5 மீட்டர் வரை. சின்னது மலிவு என்று நினைத்துக் கையளவு விமானம் வாங்குகிறவர்களைத் தடுத்துக்கொண்டே இருக்கிறேன். சின்னதை லேசான காற்றே புரட்டும், நூறு மீட்டர் போனாலே எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாது.

ஏரோஸ்கௌட், அப்ரெண்டிஸ் என்ற பயிற்சி விமானங்கள் இரண்டுமே நல்ல தொடக்கம். ஏரோஸ்கௌட்டுக்கு ப்ரொபெல்லர் பின்பக்கம், மூக்கு குத்தி விழுந்தாலும் அது தப்பிக்கும். அப்ரெண்டிஸ் 1.5 மீட்டர், காற்றில் நிதானமாக நிற்கும். வேறு நிறுவனத்தின் விமானம் என்றாலும் பரவாயில்லை, நான்கு சேனல் (ரிமோட்டில் தனித்தனியாக இயக்கும் நான்கு கட்டுப்பாடுகள்) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். த்ராட்டில், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், மூக்கை இடம் வலம் திருப்பும் ரடர், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அய்லரான் நான்கும் வேண்டும். அய்லரான் இல்லாத மூன்று சேனலில் தொடங்கினால் பிறகு பாதியைப் புதிதாகக் கற்க வேண்டிவரும்.

பறக்கவிடும் முன் தரையில் நான்கு சோதனைகள். ஒன்றையும் விடாதீர்கள்.

எடை மையம்: கையேட்டில் சொன்ன இடத்தில் இறக்கைக்கு அடியில் இரண்டு விரலால் தாங்குங்கள். பொதுவாக இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் இருக்கும். மூக்கு லேசாகக் கனத்தால் விமானம் மந்தமாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனத்தால் அடக்கவே முடியாது. பேட்டரியை முன்னே பின்னே நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

திசை: பின்னால் நின்று பாருங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது அய்லரான் மேலே எழ வேண்டும். உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும்.

சிக்னல் போனால்: வீட்டிலேயே ப்ரொபெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டார் ஓடும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால், சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப் அமைப்பைச் சரிசெய்யாமல் திடலுக்குக் கொண்டு போகாதீர்கள்.

தூரம்: ரிமோட்டில் இருக்கும் ரேஞ்ச் சோதனை வசதியைப் போட்டு, கையேடு சொல்லும் தூரம் வரை நடந்து பாருங்கள்.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம்

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட். பறந்து இறங்கியபின் ஓய்வில் 3.7, 3.8 வோல்ட் காட்டினால் சரியாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி கெடும். அடுத்த வாரம்தான் பறக்கப் போகிறீர்கள் என்றால் ஏறக்குறைய 3.8 வோல்ட்டில் வைத்து எடுத்து வையுங்கள். 2200 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் சார்ஜ் போதும். சார்ஜ் போட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். நம் ஊர் மதிய வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விடவே கூடாது. ஃபோம் இறக்கையும் அந்தச் சூட்டில் வளைந்துவிடும். உப்பிய பேட்டரியை இன்னும் ஒரு தடவை என்று மாட்டாதீர்கள்.

படி 3: இறக்கப் பழகுதல்

ஏற்றுவது சுலபம். எதிர்க்காற்றில் த்ராட்டில் கொடுத்தால் பயிற்சி விமானம் தானே எழும்பும். மேலே போனதும் பாதி த்ராட்டிலில் கையை எடுத்தாலும் நேராகப் போகும்படி ரிமோட்டின் டிரிம் பொத்தான்களால் சரிசெய்யுங்கள். அப்புறம் இறக்குவதற்குத்தான் உங்கள் காலை நேரம் முழுவதையும் கொடுக்க வேண்டும்.

முதலில் ஸ்டால் என்றால் என்ன என்று உயரத்தில் வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள். நன்றாக மேலே ஏற்றி, த்ராட்டிலை மூடி, எலிவேட்டரை மெல்ல இழுத்துக்கொண்டே இருங்கள். ஒரு கட்டத்தில் மூக்கு தானே விழும், அல்லது ஒரு இறக்கை சரியும். ஸ்டிக்கைத் தளர்த்தி, த்ராட்டில் கொடுத்தால் மீளும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் உங்கள் விமானம் எவ்வளவு மெதுவாகப் போகும்வரை தாங்கும் என்பது கண்ணுக்குப் பழகிவிடும்.

இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லை மீறி, அது தூக்கும் சக்தியை இழப்பதுதான் ஸ்டால். வேகமாகப் போகும்போதும் வரலாம். உயரம் குறையாமல் 60 பாகை சாய்த்துத் திரும்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைச் சுமக்கும், ஸ்டால் ஆகும் வேகம் 41 சதவீதம் கூடிவிடும். இறங்கும் முன் கடைசித் திருப்பத்தில் விமானங்கள் விழுவது இதனால்தான். மெதுவாக வந்துகொண்டிருக்கும், ஓடுபாதையைத் தாண்டிவிடுமோ என்று பயந்து இறுக்கித் திருப்புவார்கள், உள்பக்க இறக்கை சட்டென்று விழும். கீழே மீள்வதற்கு உயரம் இருக்காது. அகலமாகத் திருப்புங்கள். தாண்டிப் போனால் த்ராட்டில் கொடுத்துச் சுற்றி வாருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

இறங்கும் ஒழுங்கு இப்படி: காற்று போகும் திசையில் உங்களைக் கடந்து போய், ஒரு திருப்பம், சின்னக் குறுக்கு ஓட்டம், இன்னொரு திருப்பம், பிறகு எதிர்க்காற்றில் நேராக. ஒவ்வொரு முறையும் இதே வழி, இதே உயரம். நேராக வரும்போது உயரத்தைத் த்ராட்டிலால் சரிசெய்யுங்கள், வேகத்தை எலிவேட்டரால். தாழ்ந்துவிட்டது என்று எலிவேட்டரை இழுக்கத் தோன்றும், இழுத்தால் வேகம் போய் ஸ்டால் ஆகும். த்ராட்டிலைத்தான் கூட்ட வேண்டும். தரையை நெருங்கியதும் த்ராட்டிலை மூடி, மூக்கை லேசாக உயர்த்திப் பிடித்தால் பின்சக்கரங்கள் முதலில் தொடும்.

டைமரை 5 நிமிடத்தில் வையுங்கள். பேட்டரி தீரும் நேரத்தில் இறக்கினால் சுற்றி வர வாய்ப்பே இருக்காது.

படி 4: கைரோ உதவியை நிறுத்துவது

இப்போது வரும் பயிற்சி விமானங்களில் சாய்வதை உணர்ந்து தானே நிமிர்த்தும் கைரோ வசதி இருக்கிறது. அதோடு தொடங்குவது தவறில்லை. அதோடே நின்றுவிடுவதுதான் பிரச்சினை. முதலில் உயரத்தில் இருக்கும்போது அணைத்து எட்டுப் போடுங்கள். அப்புறம் அணைத்தபடியே இறக்குங்கள், அப்புறம் ஏற்றுங்கள். அடுத்த விமானத்துக்குத் தயாரா என்று பார்க்க நான் வைக்கும் சோதனை இது: கைரோ இல்லாமல், லேசான பக்கக்காற்றில், நீங்கள் குறித்த இடத்தில், இடப்பக்கத்திலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் வந்து இறக்க வேண்டும். ஒரு நாள் நன்றாக அமைந்தால் போதாது. வெவ்வேறு வாரங்களிலும் வர வேண்டும்.

படி 5: தாழ் இறக்கை

இறக்கை உடம்புக்குக் கீழே இருக்கும் விமானம் இது. இங்கே மாறுவது ஒன்றுதான்: விமானம் தானே நிமிராது, சாய்த்தால் சாய்ந்தபடியே போகும். முதல் தாழ் இறக்கைக்கு டி-28 ட்ரோஜன் மாதிரிதான் என் தேர்வு. மூக்குச் சக்கரம் பயிற்சி விமானத்தில் இருந்ததைப் போலவே இருக்கும், இறக்கை அகலம், மெதுவாகவும் வரும். நம் நாட்டு விமானப் படை விமானிகள் பழகிய பிசி-7கூட இதே அமைப்புதான்: தாழ் இறக்கை, மூக்குச் சக்கரம். அதன் மாதிரி கிடைத்தால் நம் திடலில் அழகாகப் பொருந்தும்.

வாங்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். பேட்டரியோடு சேர்ந்த எடையைக் கிராமில் எடுத்து, இறக்கைப் பரப்பைச் சதுர டெசிமீட்டரில் எடுத்து வகுங்கள். 1000 கிராம், 30 சதுர டெசிமீட்டர் என்றால் 33. அதே எடை 20 சதுர டெசிமீட்டரில் என்றால் 50, ஸ்டால் வேகம் ஏறக்குறைய 22 சதவீதம் கூடும். பழைய விமானத்தின் எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம், ஒரேயடியாகத் தாவக்கூடாது.

ரிமோட்டில் இரண்டு அளவுகள் வையுங்கள்: ஒரு சுவிட்சில் முழு அசைவு, இன்னொன்றில் 70 சதவீதம். ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் எக்ஸ்போ 30 சதவீதம் போதும். சில ரிமோட்டில் எக்ஸ்போவுக்குக் கூட்டல் குறி, ஃபுட்டாபா நிறுவன ரிமோட்டில் கழித்தல் குறி. மாற்றிப் போட்டால் நடுவில் துள்ளும், தரையில் அசைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

படி 6: வால் சக்கரம், பிறகு ஜெட்

போர் விமானங்களான மஸ்டாங், ஸ்பிட்ஃபயர் இரண்டும் வால் சக்கர விமானங்கள். இப்போது புதுச் சிரமம் தரையில்: ஓடும்போது மோட்டாரின் முறுக்கு மூக்கை இடப்பக்கம் இழுக்கும். த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளாமல் மெதுவாகக் கூட்டி, வலது ரடரால் நேராக வையுங்கள். இறங்கி ஓடும்போதும் எலிவேட்டரைக் கொஞ்சம் இழுத்தே பிடியுங்கள், இல்லாவிட்டால் மூக்கு குத்தும். நுனி குறுகிய இறக்கையை ரொம்ப மெதுவாகக் கொண்டுவந்தால் ஒரு பக்கம் சரியும், எனவே கொஞ்சம் த்ராட்டில் வைத்தபடியே தரை வரை வாருங்கள். இரண்டில் மஸ்டாங்கை முதலில் எடுங்கள். அதன் சக்கரங்கள் அகன்று நிற்பதால் தரையில் கவிழ்வது குறைவு.

உடம்புக்குள் மின்விசிறி வைத்த விசிறி ஜெட்டில் ப்ரொபெல்லர் காற்று இறக்கைமேல் வீசாது, த்ராட்டில் கொடுத்ததும் உடனே தூக்கவும் தூக்காது. அதனால் சுற்றி வரும் முடிவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். மின்சாரமும் வேகமாகத் தீரும். முதல் பறத்தலுக்கு டைமரை 3 நிமிடத்தில் வையுங்கள். இறக்கியதும் செல் வோல்ட்டைப் பாருங்கள், 3.8க்கு மேல் நின்றால் அடுத்த முறை 15 விநாடி கூட்டிக்கொள்ளலாம்.